மூக்கு வழியாக ஆபரேஷன், அதற்கு முன் மூன்று ஊசி எதற்கு?

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு வயது 46. கிள்ளான் துறைமுகத்திலிருந்து பட்டர்வொர்த்துக்குக் கண்டெய்னர் லோரி ஓட்டுகிறார். ஐந்தாறு வருடத்தில் சப்பாத்து அளவு 8-லிருந்து 10-க்குப் போய்விட்டது. கல்யாண மோதிரம் விரலில் ஏறவில்லை. அவர் விடும் குறட்டையில் பிள்ளைகள் ஹாலில் போய்ப் படுக்கிறார்கள். இனிப்புநீரும் வந்துவிட்டது. கடைசியில் பல் டாக்டர்தான் தாடையைப் பார்த்துச் சந்தேகப்பட்டு அனுப்பினார். எம்.ஆர்.ஐ.யில் பிட்யூட்டரியில் 22 மில்லிமீட்டர் கட்டி, அக்ரோமெகலி என்றார்கள். பார்வைப் பரிசோதனை சரியாக இருக்கிறதாம். மூக்கு வழியாக எடுத்துவிடலாம் என்கிறார் அறுவை நிபுணர். ஆனால் ஹார்மோன் டாக்டர், மாதம் ஒன்றாக மூன்று ஊசி போட்ட பிறகுதான் ஆபரேஷன் என்கிறார். முதல் ஊசி போட்டு மூன்று வாரம் ஆகிறது. இரண்டு நாள் வயிற்றைக் கலக்கியது. இப்போது தலைவலியும் வியர்வையும் குறைந்திருக்கின்றன.

என் நாத்தனார், "என்கூட வேலை செய்யும் பெண்ணுக்கும் இதே கட்டிதான், வாரம் இரண்டு மாத்திரையில் கரைந்துவிட்டது, அண்ணனுக்கு மட்டும் எதற்குக் கத்தி?" என்கிறார். என் தம்பியோ, "அரசாங்க ஆஸ்பத்திரியில் வரிசை நீளம், அதை மறைக்கத்தான் ஊசி. கடன் வாங்கியாவது தனியாரில் உடனே செய்" என்கிறான். இவர், ஊசியிலேயே சரியாகிறது, ஆபரேஷனே வேண்டாம் என்கிறார். தைப்பூசத்துக்கு நாக்கில் அலகு குத்திக் காவடி எடுப்பதாக வேண்டுதல் வேறு. யார் சொல்வதைக் கேட்பது? அந்த மோதிரத்தைப் பெரிதாக்கக் கொடுக்கலாமா?
வாசகி, செந்தூல், கோலாலம்பூர்

பதில்: சகோதரி, கட்டி இருப்பது தலையில். ஆனால் அந்த மூன்று ஊசியும் பெரும்பாலும் தொண்டைக்காகப் போடப்படுகின்றன. இதை யாரும் உங்களுக்கு எடுத்துச் சொல்லவில்லை போலிருக்கிறது. அதனால்தான் வீட்டில் ஆளுக்கொரு கதை ஓடுகிறது.

பிட்யூட்டரி ஒரு கொண்டைக்கடலை அளவு சுரப்பி. இரண்டு கண்களுக்கும் நடுவே, மூக்கின் பின்கோடியில், எலும்பில் குடைந்த சின்னக் கிண்ணத்தில் உட்கார்ந்திருக்கிறது. உங்கள் வீட்டுக்காரருக்கு வந்திருப்பது வளர்ச்சி ஹார்மோனைக் கொட்டும் கட்டி; அதனால் வரும் வியாதிக்குத்தான் அக்ரோமெகலி என்று பெயர். அந்த ஹார்மோன் கல்லீரலுக்குப் போய் ஐஜிஎஃப்-1 என்ற இன்னொன்றைச் சுரக்க வைக்கிறது. கையும் காலும் தாடையும் பெருப்பது இந்த இரண்டாலும்தான். இவை கண்ணுக்குத் தெரிபவை. தெரியாத இடத்தில் நாக்கு தடித்திருக்கும், தொண்டைச் சுவரின் சதை உப்பியிருக்கும், குரல்நாண் கனத்திருக்கும். அவர் குரல் முன்பைவிடக் கட்டையாகிவிட்டதா என்று யோசித்துப் பாருங்கள். குறட்டை வருவது அங்கிருந்துதான். இதயத் தசையும் சேர்ந்தே தடிக்கிறது.

ஆபரேஷன் அன்று முதல் வேலை அறுவை நிபுணருக்கு இல்லை, மயக்க மருந்து டாக்டருக்கு. அவர் வாய் வழியாக மூச்சுக்குழாய்க்குள் ஒரு டியூப் செலுத்தியாக வேண்டும். சாதாரண ஆளுக்கு இது சில விநாடி வேலை. அக்ரோமெகலி உள்ளவருக்கு நாக்கு வழியை மறைக்கும், தாடை நீண்டிருக்கும், குரல்நாணுக்குக் கீழே மூச்சுக்குழாய் குறுகியிருக்கக்கூடும். மயக்கம் கொடுத்துத் தசைகள் தளர்ந்த பிறகு டியூப் போகவில்லை என்றால் அந்த அறையில் எல்லோருக்கும் வியர்க்கும். அதனால்தான் சிலருக்கு விழித்திருக்கும்போதே கேமரா வைத்த மெல்லிய குழாயை விட்டு வழி பார்க்கிறார்கள்.

அதைவிட எனக்குப் பயம் தருவது ஆபரேஷன் முடிந்த அன்றைய இரவு. மூக்கு வழியாகப் போய் வந்தபின் உள்ளே அடைப்பு வைத்திருப்பார்கள். அடைப்பு இல்லாவிட்டாலும் வீக்கமும் இரத்தக் கசிவும் இருக்கும். மூக்கால் மூச்சு விட முடியாது, வாய்தான் வழி. அந்த வாய்க்குள் தடித்த நாக்கு, உடம்பில் பாதி மயக்கம், கூடவே தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் வியாதி. அக்ரோமெகலிக்காரர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இந்தத் தூக்க மூச்சுத்தடை உண்டு. உங்கள் வீட்டுக்காரருக்கு இல்லையென்றால்தான் நான் ஆச்சரியப்படுவேன்.

இங்கேதான் ஊசி வருகிறது. நம் உடம்பிலேயே வளர்ச்சி ஹார்மோனுக்குக் கடிவாளம் போடும் ஒரு பொருள் உண்டு, சொமட்டோஸ்டாடின் என்று பெயர். 1973-ல் அமெரிக்காவில் ரொஜே கீய்மன் என்பவரின் ஆய்வுக்கூடத்தில் அதைப் பிரித்தெடுத்தார்கள். நான்கு வருடம் கழித்து, மூளை சுரக்கும் ஹார்மோன்கள் பற்றிய ஆராய்ச்சிக்காக அவர் நோபல் பரிசில் பங்கு பெற்றார். இயற்கைப் பொருளில் ஒரு தொல்லை: இரத்தத்தில் சில நிமிடம்கூடத் தாக்குப்பிடிக்காது. அதனால் அதன் சாயலில், நீண்ட நேரம் வேலை செய்யும் மருந்துகளைச் செய்தார்கள். ஆக்ட்ரியோடைட், லான்ரியோடைட் இரண்டும் அவைதான். உங்களவருக்குப் போடுவது இந்த இரண்டில் ஒன்றாக இருக்கும். ஒரு தடவை போட்டால் ஏறக்குறைய நான்கு வாரம் மெல்ல மெல்லக் கசிந்துகொண்டே இருக்கும்.

இந்த ஊசி கட்டியிடம், "கொஞ்சம் அடங்கு" என்று சொல்கிறது. ஹார்மோன் இறங்கியதும் முதலில் வடிவது நீர்கோத்த சதை. வியர்வை குறையும், விரல் இளகும், தலைவலி விடும், நீங்களே பார்த்துவிட்டீர்கள். நாக்கும் தொண்டையும் வடிவதற்கு இன்னும் சில வாரம் வேண்டும். பலருக்கு இரத்த அழுத்தமும் இதயமும் சற்று ஆறுதல் அடைகின்றன. கட்டியும் ஓரளவு சுருங்கலாம், ஆனால் அதை எதிர்பார்த்து உட்கார வேண்டாம். சிலருக்கு நன்றாகச் சுருங்கும், சிலருக்கு அசையாது. குறட்டையும் முழுசாகப் போய்விடாது. எலும்பு வளர்ந்தது வளர்ந்ததுதானே.

இப்போது உங்கள் தம்பிக்கு. அவர் சொல்வதில் பாதி உண்மை. அரசு மருத்துவமனையில் ஆபரேஷன் நாளுக்கு வரிசை உண்டு. காத்திருக்கும் மாதங்களில் ஹார்மோனைச் சும்மா ஓடவிடாமல் ஊசி போடுவதும் உண்டு. நான் மறைக்கமாட்டேன். ஆனால் வரிசையே இல்லாவிட்டாலும் இவருக்கு ஊசி போடச் சொல்லியிருப்பேன்.

எல்லா அக்ரோமெகலி நோயாளிக்கும் அப்படிச் சொல்வேனா? மாட்டேன். எங்கள் துறையில் பல வருடமாக நடக்கும் வழக்கு இது. நார்வேயில் 62 நோயாளிகளை இரண்டு கூறாகப் பிரித்து, ஒரு கூறுக்கு ஆறு மாதம் ஆக்ட்ரியோடைட் கொடுத்து அப்புறம் ஆபரேஷன், மறு கூறுக்கு நேராக ஆபரேஷன் என்று செய்து பார்த்தார்கள். முடிவு 2008-ல் வந்தது. பெரிய கட்டிக்காரர்களில், ஆபரேஷன் முடிந்து மூன்று மாதத்தில் ஐஜிஎஃப்-1 சரியாக இருந்தவர்கள், ஊசி போட்டுக்கொண்டவர்களில் 100-க்கு 50. போடாதவர்களில் 16 பேர்தான். அப்போது எனக்கும் உற்சாகமாகத்தான் இருந்தது. அதே ஆட்களை ஐந்து வருடம் தொடர்ந்து பார்த்து 2014-ல் எழுதியபோது, அந்த வித்தியாசம் நிலைக்கிறது என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. மூன்று மாதத்தில் கண்ட நன்மையில் ஒரு பங்கு, உடம்பில் மிச்சமிருந்த மருந்தின் வேலையாகவே இருந்திருக்கலாம்.

அதே 2014-ல் ஹார்மோன் மருத்துவர்களின் சங்கமான அமெரிக்க எண்டோகிரைன் சொசைட்டி வெளியிட்ட வழிகாட்டுதல், ஆபரேஷன் வெற்றியைக் கூட்டுவதற்காக எல்லோருக்கும் வழக்கமாக முன்னூசி வேண்டாம் என்றது. ஆனால் தொண்டை மிகவும் தடித்து மூச்சுத்தடை உள்ளவர்களுக்கும், இதயம் தளர்ந்தவர்களுக்கும், மயக்கத்தின் ஆபத்தைக் குறைக்க ஊசி போடலாம் என்றும் சொன்னது. என் கட்சியும் அதுதான். ஊசி ஆபரேஷனைச் 'சிறப்பாக்கும்' என்று யாராவது சொன்னால் நான் புருவத்தை உயர்த்துவேன். ஊசி உங்கள் வீட்டுக்காரரை மயக்கத்துக்குத் தகுதியாக்கும் என்றால் ஒத்துக்கொள்வேன். பிள்ளைகளை ஹாலுக்கு விரட்டும் குறட்டை, 46 வயதில் இனிப்புநீர், தடித்த தாடை: இவர் அந்த இரண்டாம் வகை.

கட்டி கண் நரம்பை நசுக்கிக்கொண்டிருந்தால் மூன்று மாதம் காத்திருக்க நானே விடமாட்டேன். பார்வைப் பரிசோதனை சரி என்பதால்தான் இந்த அவகாசம். இதற்கிடையில் திடீரென்று மண்டையைப் பிளக்கும் வலி, வாந்தி, பொருள் இரண்டாகத் தெரிவது, பக்கவாட்டில் வரும் மோட்டார் கண்ணில் படாமல் போவது, இப்படி ஏதாவது என்றால் அடுத்த அப்பாய்ன்ட்மென்ட் வரை பார்க்காதீர்கள். நேராக அவசரப் பிரிவு. கட்டிக்குள் இரத்தம் கசிந்திருக்கலாம்.

கடன் வாங்கித் தனியாருக்குப் போவது பற்றி ஒன்று சொல்கிறேன். இந்த ஆபரேஷனில் கட்டடத்தின் பளபளப்பு எதுவும் செய்யாது. வருடத்துக்கு எத்தனை பிட்யூட்டரி கட்டி எடுத்த கை என்பதுதான் கணக்கு. பழகிய கையிலேயே, 10 மில்லிமீட்டருக்குக் குறைந்த கட்டி என்றால் 10 பேரில் 8 பேர் வரை ஹார்மோன் சரியாகிறது. 22 மில்லிமீட்டர் போன்ற பெரிய கட்டியில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான். கோலாலம்பூரில் பெரிய அரசு மருத்துவமனையிலும் பல்கலைக்கழக மருத்துவமனைகளிலும் மூளை அறுவைப் பிரிவு இருக்கிறது. ஹார்மோன் வியாதிகளுக்கென்றே புத்ராஜெயா மருத்துவமனை சுகாதார அமைச்சின் மையமாக இருக்கிறது. தவிர, தனியாரில் ஊசி ஒன்றுக்கே ஆயிரக்கணக்கில் வெள்ளி போகும். ஆபரேஷனுக்குப் பிறகும் ஊசி தொடர வேண்டி வரலாம் என்பதை மனதில் வைத்துத்தான் கடனைப் பற்றி யோசிக்க வேண்டும்.

நாத்தனார் சொல்வது பொய்யில்லை. ஆனால் அந்தப் பெண்ணுக்கு இருந்தது வேறு கட்டி. பிட்யூட்டரியில் வரும் கட்டிகளை ஒரே பெயரில் அழைப்பது, வாகனம் என்ற ஒரே காரணத்துக்காக மோட்டார் சைக்கிளுக்கும் உங்கள் வீட்டுக்காரரின் லோரிக்கும் ஒரே லைசென்ஸ் கேட்பது மாதிரி. வாரம் இரண்டு மாத்திரை என்றதுமே எனக்குத் தெரிந்துவிட்டது: கேபர்கோலின். ப்ரோலாக்டின் என்ற பால் சுரப்பு ஹார்மோனைக் கொட்டும் கட்டிக்கு அதுதான் முதல் மருந்து. மாதவிடாய் நின்றுபோய், கர்ப்பமே இல்லாமல் மார்பில் பால் கசிந்து வருவார்கள். பெரும்பாலோருக்கு மாத்திரையிலேயே ஹார்மோன் இறங்கி, கட்டியும் நன்றாகச் சுருங்கும். கண்ணை நசுக்கும் அளவு பெரிய ப்ரோலாக்டின் கட்டிகூட மாத்திரை தொடங்கிய சில நாட்களிலேயே விலகிப் பார்வை திரும்புவதைப் பார்த்திருக்கிறேன். அங்கே கத்திதான் இரண்டாவது. மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்கள், மாத்திரைக்கு அசையாத கட்டி உள்ளவர்கள், கட்டி சிறிது என்பதால் வருடக்கணக்கில் மாத்திரை விழுங்குவதைவிட ஒரே தடவையில் எடுத்துவிடலாம் என்று விரும்புபவர்கள், இவர்கள்தான் ஆபரேஷனுக்குப் போவார்கள். அந்தப் பெண்ணைப் பார்த்தால் ஒன்று சொல்லச் சொல்லுங்கள்: கட்டி வேகமாகச் சுருங்கும்போது, அது அடைத்து வைத்திருந்த ஓட்டை திறந்து, மூக்கிலிருந்து தெளிந்த தண்ணீர் சொட்டுவது அபூர்வமாக உண்டு. சளி என்று நினைத்துத் துடைத்துக்கொண்டு போகக்கூடாது. அது மூளையைச் சுற்றியிருக்கும் நீர்.

கேபர்கோலினை அக்ரோமெகலிக்கும் கொடுப்பதுண்டு. ஐஜிஎஃப்-1 கொஞ்சம்தான் கூடியிருக்கிறது என்பவர்களுக்கு, அல்லது ஊசியோடு துணைக்கு. இவருடைய கட்டிக்கு அது மட்டும் போதாது.

இதே பிட்யூட்டரியில், உடம்பு நெருக்கடியைத் தாங்க உதவும் கார்டிசோல் என்ற ஹார்மோனை அளவுக்கு மீறி ஏற்றிவிடும் கட்டியும் வரும். 1932-ல் அதை விவரித்த ஹார்வி குஷிங்கின் பெயராலேயே அந்த வியாதியை அழைக்கிறோம். அங்கே ஆபரேஷனுக்கு முந்தைய மருந்து கட்டியைத் தொடுவதே இல்லை. கட்டி ஆணையிட, கார்டிசோலைக் கொட்டுவது சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி. மருந்து அந்தக் குழாயை மூடுகிறது. பூஞ்சைத் தொற்றுக்கென்று வந்த கீட்டோகோனசோல்கூட இந்த வேலைக்குப் பயன்படுகிறது, கல்லீரலைக் கவனித்துக்கொண்டே கொடுக்க வேண்டும். எல்லோருக்கும் கொடுப்பதில்லை. பொட்டாசியம் தரைதட்டி, சீழ்ப்பிடித்து, மனம் தடுமாறி வருபவர்களை ஆபரேஷன் மேசை வரை உயிரோடு கொண்டு சேர்க்கத்தான். கொடுத்தால் ஒரு சங்கடமும் உண்டு. ஆபரேஷன் முடிந்த மறுநாள் காலைக் கார்டிசோல் அடியோடு விழுந்திருந்தால்தான் கட்டி போய்விட்டது என்று கொண்டாடுவோம். முன்பே மருந்து போட்டிருந்தால் அந்த அடையாளம் கலங்கிவிடும். தைராய்டைத் தூண்டும் கட்டி இன்னும் அபூர்வம். அதற்கு ஆபரேஷனுக்கு முன் தைராய்டை அடக்கியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் மேசையில் இதயம் தறிகெட்டு ஓடும். அதற்கும் உங்களவர் போட்டுக்கொள்ளும் அதே ஊசிதான் உதவுகிறது.

வீட்டுக்காரரிடம் வருகிறேன். இந்தக் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்படுத்துவது அவர்தான். தலைவலி போனது, வியர்வை போனது, இனி எதற்கு ஆபரேஷன் என்கிறார். இதே வார்த்தையை என்னிடம் இன்னொருவரும் சொன்னார், பல வருடத்துக்கு முன்பு. நானும் சரி, ஊசி தொடரட்டும் என்று விட்டுக்கொடுத்தேன். ஒரு வருடம் ஒழுங்காக வந்தார். பிறகு வேலை மாறியது, வீடு மாறியது, ஊசி இரண்டு மாதத்துக்கு ஒன்றாகி, அப்புறம் நின்றது. திரும்பி வந்தபோது ஒரு கண்ணில் பாதிப் பார்வை இல்லை. அன்று இன்னும் கொஞ்சம் பிடிவாதமாக இருந்திருக்க வேண்டும் என்று இன்றைக்கும் தோன்றும். ஊசி கட்டியை அடக்கி வைக்கிறது. கட்டி அதே கிண்ணத்தில்தான் இருக்கிறது. மயக்கம் கொடுக்கவே முடியாத இதய நோயாளி, அறுவைக்கு எட்டாத இடத்தில் கட்டி உள்ளவர் போன்றோருக்கு ஊசியே சிகிச்சையாக இருக்கலாம், அதில் தவறில்லை. 46 வயதில், இன்னும் இருபது வருடம் லோரி ஓட்ட வேண்டியவர் அந்தக் கூட்டத்தில் சேரமாட்டார். கட்டி முழுதும் வராவிட்டாலும், பெரும்பகுதி போனால் பிறகு ஊசி நன்றாக வேலை செய்யும் என்பதையும் அவரிடம் சொல்லுங்கள்.

லோரி என்றதும் கை நிற்கவில்லை. தூக்க மூச்சுத்தடை உள்ளவர் ஸ்டியரிங் முன் கண்ணயர்வது சோம்பேறித்தனத்தால் அல்ல, இரவு முழுக்க மூளை தூங்கவே இல்லை. வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் விடிகாலை மூன்று மணிக்குக் கண்டெய்னரோடு அவரை நினைத்துப் பார்க்க எனக்குப் பயமாக இருக்கிறது. தூக்கப் பரிசோதனை செய்து, தூங்கும்போது முகத்தில் மாட்டி, காற்றை அழுத்தி மூச்சுவழியைத் திறந்து வைக்கும் சிபேப் கருவி வரும்வரை இரவு ஓட்டம் வேண்டாம். கம்பெனி கேட்டால் மருத்துவமனையில் கடிதம் கேட்டு வாங்குங்கள், கொடுப்பார்கள். இன்றிரவே அவர் தூங்கும்போது உங்கள் கைப்பேசியில் பத்து நிமிடம் பதிவு செய்யுங்கள். மூச்சு நின்று, பிறகு திக்கித் திணறி இழுப்பது கேட்டால், அதை மயக்க மருந்து டாக்டருக்குப் போட்டுக் காட்டுங்கள். பத்துப் பக்க ரிப்போர்ட்டைவிட அது அவருக்கு உதவும். சிபேப் தொடங்கினால் ஆபரேஷன் வரை தினமும் மாட்ட வேண்டும். ஆபரேஷன் முடிந்ததும் மட்டும் தானாக எடுத்து மாட்டக்கூடாது. அறுத்த இடத்தின் வழியாகக் காற்று மண்டைக்குள் ஏறும் ஆபத்து உண்டு. எப்போது திரும்பத் தொடங்கலாம் என்பதை அறுவை நிபுணர் சொல்வார்.

ஊசி பற்றிச் சில நடைமுறைகள். வயிற்றுக் கலக்கல் பெரும்பாலும் அடுத்தடுத்த ஊசிகளில் குறைந்துவிடும். அன்று மட்டும் எண்ணெயில் மிதக்கும் ரொட்டி சானாயை விட்டுவிடட்டும். பித்தப்பையில் கல் உருவாகலாம்; வலது விலாவுக்குக் கீழே வலி வந்தால் சொல்லுங்கள். சர்க்கரை இந்த ஊசியில் இரண்டு பக்கமும் ஆடும். வளர்ச்சி ஹார்மோன் இறங்குவதால் சர்க்கரை குறையலாம், ஊசி கணையத்தின் இன்சுலினையும் அடக்குவதால் கூடவும் செய்யலாம். அவர் இன்சுலினோ கிளிக்லசைடோ எடுத்தால், வீட்டில் அடிக்கடி விரலைக் குத்திப் பார்ப்பது நல்லது. மருந்தை மருந்தகத்தில் வாங்கிக் கிளினிக்குக்கு எடுத்துப் போகச் சொன்னால் ஐஸ் பெட்டியில் வையுங்கள், ஆனால் ஐஸ் மீது நேராக வைத்து உறைய விடாதீர்கள். நம் ஊர் வெயிலில் மோட்டார் சைக்கிள் கூடைக்குள் கிடந்தால் விலைமதிப்பான மருந்து வீணாகிவிடலாம்.

எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் மாதிரி சிறுநீரில் சர்க்கரையை வெளியேற்றும் மாத்திரை எடுக்கிறார் என்றால், ஆபரேஷனுக்குக் குறைந்தது மூன்று நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். அந்தக் கேள்வியை நீங்களே எழுப்புங்கள். மூன்று பிரிவு டாக்டர்கள் பார்க்கும்போது இது விட்டுப்போகும்.

இன்னொன்று, கொஞ்சம் மெதுவாக விசாரியுங்கள். அக்ரோமெகலியில் முட்டியும் இடுப்பும் வலிக்கும். லோரிக்காரர்கள் பலர் வலிக்குப் பசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் விற்கும் ஜாமு என்ற மூலிகை மருந்தோ, பெயர் தெரியாத மாத்திரையோ விழுங்குவதுண்டு. அப்படிப்பட்டவற்றில் டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. மாதக்கணக்கில் அதை எடுத்தவரின் அட்ரினல் தூங்கிவிடும். திடீரென நிறுத்தி ஆபரேஷனுக்குப் போனால் இரத்த அழுத்தம் சரிந்துவிடும். திட்டமாட்டோம். எடுத்தேன் என்று சொன்னால் போதும், அதற்கேற்ப, கார்டிசோலுக்கு ஈடான ஹைட்ரோகார்ட்டிசோன் மருந்து கொடுத்துக் காப்பாற்றலாம். கட்டியே நல்ல பிட்யூட்டரியை நசுக்கி கார்டிசோலைக் குறைத்திருக்கவும் கூடும். காலை எட்டு மணி இரத்தத்தில் கார்டிசோல், அதோடு தைராய்டு பார்த்தார்களா என்று கேளுங்கள். இரண்டும் குறைவாக இருந்தால் முதலில் கார்டிசோலைச் சரிசெய்து அப்புறம்தான் தைராய்டு மாத்திரை, வரிசை மாறக்கூடாது.

தைப்பூசம். வேண்டுதல் இருக்கட்டும், நான் கும்பிடுகிறவன்தான். ஆனால் நாக்கில் அலகு கண்டிப்பாக வேண்டாம். எந்த நாக்கை வடிய வைக்க மூன்று மாதம் ஊசி போடுகிறோமோ, அதே நாக்கில் குத்தி வீங்கவைத்தால் எல்லாம் வீண். காவடிச் சுமையோடு பத்துமலையின் 272 படி ஏறுவதும் இதயத்தின் எக்கோ பார்த்த பிறகு பேச வேண்டியது. எக்கோ சரியாக இருந்து, இரத்த அழுத்தம் கட்டுக்குள் இருந்தால், விடிகாலைக் குளிரில் சின்னப் பால்குடம் எடுத்து, நின்று நின்று ஏறட்டும், பிள்ளைகளில் ஒருவர் கூடவே போகட்டும். எக்கோ சரியில்லை என்றால் அடிவாரத்திலேயே செலுத்திவிடலாம். அங்கே 140 அடி உயரத்தில் நிற்கிற முருகன், காவடிக்கு அடுத்த வருடம் வரை பொறுக்கமாட்டாரா? ஆபரேஷன் முடிந்த சில வாரங்களுக்குள் தைப்பூசம் வந்தால் மட்டும் பேச்சே இல்லை. குனிவது, முக்குவது, மூக்குச் சிந்துவது, பாரம் தூக்குவது எல்லாம் அப்போது தடை.

ஆபரேஷனுக்குப் பிறகு வரும் முதல் இரத்தப் பரிசோதனையைப் பற்றி ஓர் எச்சரிக்கை; இதில் நானே ஒரு முறை ஏமாந்தேன். ஊசி போட்டு ஆபரேஷன் செய்துகொண்ட ஒருவருக்கு ஆறாவது வாரமே ஐஜிஎஃப்-1 பார்த்து, அழகாக இருக்கிறது, குணமாகிவிட்டது என்று சொல்லிவிட்டேன். குடும்பமே இனிப்போடு வந்தது. நான்காவது மாதம் மீண்டும் ஏறிவிட்டது. நான் பார்த்தது ஆபரேஷனின் வெற்றியை அல்ல, உடம்பில் இன்னும் கசிந்துகொண்டிருந்த கடைசி ஊசியை. அந்த வீட்டாரிடம் அதைச் சொன்ன பத்து நிமிடம் இன்றும் மறக்கவில்லை. ஆகவே கடைசி ஊசி போட்ட தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். ஆபரேஷன் முடிந்து குறைந்தது 12 வாரம் கழித்துத்தான் தீர்ப்பு எழுத வேண்டும். அதற்கு முன் யாராவது நல்ல செய்தி சொன்னால் சந்தோஷப்படுங்கள், இனிப்பு மட்டும் வாங்காதீர்கள்.

மோதிரத்தை இப்போது பத்தரிடம் கொடுக்காதீர்கள். விரலில் பெருத்ததில் ஒரு பங்கு நீரும் சதையும், அது வடிந்துகொண்டிருக்கிறது. இன்னொரு பங்கு எலும்பு, அது அப்படியே இருக்கும். இன்று அளவு கொடுத்தால் ஆறு மாதத்தில் தொளதொளவென்று கழன்று விழும். ஆபரேஷன் முடிந்து அந்த 12 வார இரத்த முடிவும் வரட்டும், அப்புறம் அவரையும் கூட்டிக்கொண்டு போய் விரலை நீட்டச் சொல்லுங்கள். அதுவரை ஒரு சங்கிலியில் கோத்து நீங்கள் போட்டுக்கொள்ளலாம்.